தமனிச் சுவரில் சிக்கும் துகள்: கொழுப்பா, அழற்சியா?

ஒரு லிப்பிட் புரொஃபைல் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், ஆனால் தூத்துக்குடியில் ஐம்பதை நெருங்கும் ஆண்கள் கையில் வைத்திருக்கும் ரிப்போர்ட்டுகள் பலவும் இந்தச் சாயலில்தான் இருக்கும். மொத்தக் கொலஸ்ட்ரால் 190. ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல் 34. டிரைகிளிசரைடு 240. எல்டிஎல் 108. வாங்கிப் பார்ப்பவரின் கண் நேரே எல்டிஎல்லுக்குப் போகிறது. ‘கெட்ட கொழுப்பு’ நூற்றெட்டுதானே, பரவாயில்லை என்று ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுகிறார். இப்படி மடித்து வைத்தவர்களில் சிலர் அடுத்த சில ஆண்டுகளில் மாரடைப்போடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேருகிறார்கள்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன. கொலஸ்ட்ரால் கணக்கே பொய், உண்மையான வில்லன் அழற்சிதான் என்பது ஒன்று. வாட்ஸ்அப்பில் நன்றாக ஓடும் விளக்கம் இதுதான். எண் இன்னும் இறங்கவேண்டும், அவ்வளவுதான் என்பது மற்றொன்று. நூற்றெழுபது ஆண்டு ஆராய்ச்சியைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டுமே அரைகுறை. கொழுப்பைச் சுமக்கும் துகள்தான் அழற்சியை மூட்டிவிடுகிறது. அழற்சி அந்தத் துகளின் வேலையை முடித்துக்கொடுக்கிறது. எதை முதலில் பிடிப்பது என்பதில்தான் விவாதம் இருக்கவேண்டும். என் சாய்வு துகளின் பக்கம். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் நம் ஊர் நிலவரம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. அதை நடத்தியவர் கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப். அந்த ஆய்வின் தெற்காசியப் பகுதியை மட்டும் பிரித்து 2007இல் வெளியிட்டபோது, முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது நம்மவர்களுக்கு 53 என்றும் மற்ற நாட்டவருக்கு 58.8 என்றும் தெரிந்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டு முந்துகிறோம். சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 1990களின் பிற்பகுதியில் நடத்திய நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வில், பெரியவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் நடந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் முதல் கட்ட முடிவு 2014இல் வந்தது. அதில் எல்டிஎல் கூடுதலாக இருந்தவர்கள் 11.8 விழுக்காடு மட்டுமே. எச்டிஎல் குறைவாக இருந்தவர்கள் 72.3 விழுக்காடு, டிரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5 விழுக்காடு. மேலே சொன்ன ரிப்போர்ட் யாரோ ஒருவருடையது மட்டும் அல்ல என்பது இதிலேயே விளங்கும்.

அந்த 108 எப்படி வந்தது? பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை, கணக்குப் போடுகிறார்கள். 1972இல் ஃபிரீட்வால்ட் தந்த சூத்திரம் அது: மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கவேண்டும். 190இலிருந்து 34 போக 156. அதிலிருந்து 48 போக 108. நம் ஆள் கோட்டைவிட்டது அந்த நடு வரியில் இருக்கும் 156ஐத்தான். எச்டிஎல் நீங்கலாக மற்ற எல்லாத் துகள்களும் சுமக்கும் கொலஸ்ட்ரால் அது. 130க்குள் இருந்தால் நல்லது.

எண்ணை விட்டுவிட்டுத் துகளுக்கு வருவோம். கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. ரத்தத்தில் பயணம் போக அதற்கு ஒரு பொதி வேண்டும். எல்டிஎல் அப்படியொரு பொதி. குறுக்களவு ஏறத்தாழ 22 நானோமீட்டர்; ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நாற்பத்தைந்தாயிரத்தை வரிசையாக வைத்துவிடலாம். பொதியின் உள்ளே கொழுப்பு, வெளியே மெல்லிய உறை, அந்த உறையைச் சுற்றி ஒரே ஒரு பெரிய புரதம்: அப்போ-பி. அது 4,536 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஒரு துகளுக்கு ஒரு அப்போ-பி. கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆகவே ரத்தத்தில் அப்போ-பியை அளந்தால், தமனிக்குக் கேடு செய்யும் துகள்கள் எத்தனை என்று தலை எண்ணியதாகிவிடும். டிரைகிளிசரைடு கூடியவர்களிடம் எல்டிஎல் துகள்கள் சிறுத்துப்போகும். ஒவ்வொன்றும் சுமக்கும் கொலஸ்ட்ரால் குறைவு, ஆனால் துகள்களின் எண்ணிக்கை அதிகம். சுமையை மட்டும் நிறுத்துப் பார்க்கும் ரிப்போர்ட்டில் 108 என்று வரும். தமனிச் சுவருக்கோ எண்ணிக்கைதான் கணக்கு.

சுவரில் என்ன நடக்கிறது என்ற சண்டை பழையது. வியன்னாவில் ரோக்கிட்டான்ஸ்கி ரத்தத்திலிருந்து படிந்த படிவுதான் எல்லாம் என்றார். ஜெர்மனியின் ஃபிர்ஹோ 1856 வாக்கில், இல்லை, இது சுவரின் அழற்சி என்றார். 1913இல் ரஷ்யாவின் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைத் தின்னக்கொடுத்து, அவற்றின் தமனிகளில் கொழுப்பு மொய்த்த செல்களை நுண்நோக்கியில் காட்டினார். முயல் இலைதழை தின்னும் பிராணி, அதை வைத்து மனிதனுக்கு எப்படிச் சொல்லலாம் என்று பல ஆண்டுகள் அந்த வேலையை ஒதுக்கிவைத்தார்கள்.

மன்னார் வளைகுடாவில் முத்து எப்படி உண்டாகிறது என்ற கேள்வியும் இப்படித்தான் இழுபட்டது. சிப்பிக்குள் மணல் புகுந்தால் முத்து என்பது எல்லோரும் சொல்லும் கதை. 1902இல் இலங்கையின் முத்துச் சிப்பிப் பார்களை ஆராய வந்த லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனும் அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெலும் (பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநரானவர் இவர்) மணலை விட்டுவிட்டு, நாடாப்புழுவின் இளம்புழுவே முத்தின் கரு என்றார்கள். அதையும் சில ஆண்டுகளில் மற்றவர்கள் மறுத்தார்கள். உள்ளே புகுந்தது எது என்பதைவிடச் சிப்பியின் சதை அதற்கு என்ன செய்தது என்பதே முக்கியம் என்பதற்குச் சான்று தூத்துக்குடியிலேயே உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி 1973இல் இங்கே உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். சிப்பிக்குள் வெறும் மணியை வைத்தால் முத்து வராது. இன்னொரு சிப்பியின் மேலுறைச் சதையில் சிறு துண்டு வெட்டி மணியை ஒட்டி வைக்கவேண்டும். அந்தச் சதை வளர்ந்து மணியைச் சுற்றிப் பையாகி, அதன்மேல் அடுக்கடுக்காகப் பூசுகிறது. 1961க்குப் பிறகு தூத்துக்குடிப் பார்களில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை, சங்குக்குளிதான் மிச்சம். ஆனாலும் முத்து வளர்த்த வேப்பலோடைப் பண்ணையில் கற்ற இந்தப் பாடம் தமனிக்கும் செல்லும்: புகுந்த பொருளும் வேண்டும், திசுவின் எதிர்வினையும் வேண்டும். ஒப்புமை அதோடு சரி. சிப்பி அந்நியப் பொருளைப் பூசி மெழுகி அடக்கிவிடுகிறது. தமனியால் அடக்க முடிவதில்லை.

ஏன் முடிவதில்லை? துகள் சுவருக்குள் போவது தவறு அல்ல. 70 நானோமீட்டருக்குச் சிறிய துகள்கள் நாள் முழுக்க உட்சுவரைக் கடந்து போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன. திரும்பி வராமல் மாட்டிக்கொள்வதில் ஆரம்பிக்கிறது வினை. தமனியின் உட்சுவருக்கு அடியில் புரோட்டியோகிளைகான் என்ற வலைப்பொருள் இருக்கிறது. அதன் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு எதிர்மின்னூட்டம். அப்போ-பியின் சில பகுதிகளுக்கு நேர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. தமனி கிளை பிரியும் இடங்களில் ரத்த ஓட்டம் சுழிப்பதால் அங்கே இது அதிகம். இந்தச் ‘சிக்குதல்’ கொள்கையை வில்லியம்ஸ், டாபஸ் இருவரும் 1995இல் முன்வைத்தார்கள். 2002இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அப்போ-பியில் அந்த ஒட்டும் பகுதியை மட்டும் மாற்றிவிட்ட எலிகளை உண்டாக்கினார்கள். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அளவு அதேதான். தமனிப் படிவு மிகக் குறைந்துபோனது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

சிக்கிய துகள் அங்கேயே கிடந்து சிதைகிறது. ஆக்சிஜன் பட்டு அதன் உறை மாறுகிறது; துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. மாறிப்போன துகளை உடம்பு தன்னுடையது என்று அடையாளம் காண்பதில்லை. உட்சுவர்ச் செல்கள் ஒட்டுப் புரதங்களை வெளியே நீட்ட, ரத்தத்தில் போகும் வெள்ளணுக்கள் அதில் பற்றி உள்ளே இறங்கி, விழுங்கு செல்களாக மாறித் துகள்களைத் தின்னத் தொடங்குகின்றன. சாதாரண செல் வயிறு நிறைந்தால் எல்டிஎல் வாங்கும் வாசலை மூடிக்கொள்ளும். இதைக் கண்டதற்குத்தான் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இல் நோபல் பரிசு. விழுங்கு செல்லிடம் இருப்பதோ வேறொரு வாசல். அதற்குப் பூட்டே கிடையாது. சிதைந்த துகளைத் தின்றுகொண்டே போகும். உள்ளே கொழுப்புத் துளிகள் நிரம்பி, நுண்நோக்கியில் நுரை பொங்கினாற்போல் தெரிவதால் அதற்கு நுரை செல் என்று பெயர்.

நுரை செல்லுக்குள் கொலஸ்ட்ரால் மிதமிஞ்சினால் ஊசி ஊசியாகப் படிகமாகிறது. 2010இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இந்தப் படிகங்களைப் பற்றியது. படிகம் செல்லின் செரிமானப் பையைக் கிழிக்கிறது. அந்தச் சேதத்தை உணர்ந்து என்எல்ஆர்பி3 என்ற புரதக் கூட்டம் செல்லுக்குள் ஒன்றுசேர்ந்து, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சித் தூதனை வெட்டி வெளியே விடுகிறது. அது இன்டர்லூக்கின்-6ஐத் தூண்ட, அது கல்லீரல்வரை போய் சிஆர்பி என்ற புரதத்தைச் சுரக்கவைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அளக்கும் சிஆர்பி இந்த வரிசையின் கடைசி ஆள். மரபணு ஆய்வுகளின்படி சிஆர்பி நோயை உண்டாக்குவதில்லை, இன்டர்லூக்கின்-6இன் பாதைக்குத்தான் அதில் பங்கு. இதில் ஒரு விசித்திரம்: கீல்வாதத்தில் மூட்டுக்குள் சேரும் யூரிக் அமிலப் படிகமும் இதே புரதக் கூட்டத்தைத்தான் கிளப்புகிறது. பெருவிரல் வீங்கித் துடிப்பதும் இதயத் தமனி கனல்வதும் உறவுக்கார நோய்கள்.

பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். நுரை செல்கள் செத்து நடுவே கூழாகின்றன. மேலே நார்த்திசு மூடி போடுகிறது. அழற்சி ஓயாவிட்டால் விழுங்கு செல்கள் சுரக்கும் நொதிகள் அந்த மூடியின் கொலாஜனை அரிக்கின்றன. ஒருநாள் மூடி கிழிந்து கூழ் ரத்தத்தில் படுகிறது; சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. பாதிகூட அடைபடாத குழாயிலும் இது நேரலாம். போன மாதம் டிரெட்மில்லில் நன்றாக நடந்தாரே என்று வீட்டார் வியப்பது இதனால்தான்.

துகளின் ஆக்சிஜனேற்றம்தான் கேடு என்றால் அதைத் தடுக்கும் வைட்டமின் இ மாத்திரை பலன் தரவேண்டுமே? அப்படித்தான் உலகமே நம்பியது. ஹோப் ஆய்வு (2000), 20,536 பேரை வைத்த இதயப் பாதுகாப்பு ஆய்வு (2002) இரண்டிலும் பலன் பூச்சியம். மருந்துக்கடைகளில் அந்த மாத்திரை இன்னும் நன்றாகவே விற்கிறது.

இனித் துகளா, அழற்சியா என்ற வழக்குக்கு வருவோம். 2017இல் சில மாத இடைவெளியில் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாயின. முதலாவது ஃபோரியர். 27,564 நோயாளிகள். ஏற்கெனவே எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை எடுப்பவர்களுக்கு பிசிஎஸ்கே9 என்ற புரதத்தை முடக்கும் ஊசி போட்டு எல்டிஎல்லை மேலும் ஏறத்தாழ 60 விழுக்காடு இறக்கினார்கள். சிஆர்பி அசையவில்லை. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகள் 15 விழுக்காடு குறைந்தன. இரண்டாவது கேண்டோஸ். மாரடைப்பு வந்து சிஆர்பி கூடியிருந்த 10,061 பேர். இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் முடக்கும் கனகினுமாப் ஊசி. சிஆர்பி இறங்கியது, எல்டிஎல் அசையவில்லை. 150 மில்லிகிராம் அளவு பெற்றவர்களிடம் நிகழ்வுகள் குறைந்ததும் 15 விழுக்காடு. ஒன்று துகளை மட்டும் தொட்டது, மற்றது அழற்சியை மட்டும் தொட்டது. கிடைத்த பலன் ஒன்றுபோல. ஃபிர்ஹோவும் ரோக்கிட்டான்ஸ்கியும் உயிரோடிருந்தால் ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டு தன் கட்சிதான் வென்றது என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஆனால் தராசு சமமாக நிற்கவில்லை. கனகினுமாப் குழுவில் தொற்றால் இறந்தவர்கள் அதிகம்; மொத்த உயிரிழப்பு குறையவில்லை. இதய நோய்க்கென அந்த ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. காசநோய் இன்னும் ஓயாத நம் நாட்டில் எதிர்ப்பாற்றலின் ஒரு கையைக் கட்டிப்போடும் மருந்தை ஊர் முழுக்கக் கொடுப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. எல்லா அழற்சித் தடுப்பும் வேலை செய்வதுமில்லை: மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்த சர்ட் ஆய்வு (2018) வெறுங்கையோடு முடிந்தது. துகளைக் குறைப்பதில் இந்த இழுபறி இல்லை. 1994இல் 4,444 நோயாளிகளை வைத்து ஸ்காண்டிநேவியாவில் நடந்த சிம்வாஸ்டாடின் ஆய்வில் உயிரிழப்பே 30 விழுக்காடு குறைந்தது. பிறவியிலேயே பிசிஎஸ்கே9 பழுதுபட்டு எல்டிஎல் 28 விழுக்காடு குறைவாக வாழ்ந்த அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு இதயத் தமனி நோய் 88 விழுக்காடு குறைவு என்று 2006இல் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே துகள் குறைவாக இருந்தால் அழற்சி மூள இடமே குறைவு.

ஆகவே அழற்சி மருந்தைத் தள்ளிவிடலாமா? அவசரப்பட வேண்டாம்; இந்த இடத்தில் கதை தமிழ்நாட்டுக்குள் வருகிறது. நம் மாநில மலர் செங்காந்தள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பக்கத்து விவசாயிகள் இதைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். கம்பிப் பந்தலில் கொடியை ஏற்றி, சூலகமுடி பூவைவிட்டு ஒதுங்கி வளைந்திருப்பதால் காலை வேளையில் பூப்பூவாக ஆள் வைத்து மகரந்தம் தொட்டுவிட்டு, காயை உலர்த்தி விதையை எடுத்து விற்கிறார்கள். விதையில் இருப்பது கொல்கிசின், கீல்வாதத்துக்கான பழைய மருந்து. படிகம் கிளப்பும் அழற்சியை அடக்குவதே அதன் வேலை என்பதால் தமனிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு வந்து ஒரு மாதத்துக்குள் தொடங்கிய கோல்காட் ஆய்வில் (2019, 4,745 பேர்) நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் கொல்கிசின் நிகழ்வுகளை 23 விழுக்காடு குறைத்தது. நாள்பட்ட நோயாளிகளை வைத்த லோடோகோ2 ஆய்வில் (2020, 5,522 பேர்) 31 விழுக்காடு. 2023இல் அமெரிக்கா இந்த அளவுக்கு அனுமதி தந்தது. மறு ஆண்டே 7,062 பேரை வைத்த கிளியர் ஆய்வு, மாரடைப்பை ஒட்டிக் கொடுத்ததில் பலனே இல்லை என்று முடிந்தது. நாள்பட்ட நோயாளிக்கு உதவலாம், மாரடைப்பை ஒட்டிய நாட்களில் சந்தேகம் என்பதுதான் இன்றைக்குச் சொல்லக்கூடியது. இதைப் படித்துவிட்டு யாரும் கிழங்கைத் தேடிப் போகவேண்டாம். அது கொடிய நஞ்சு. மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. சிறுநீரகம் பழுதானவருக்கு மாத்திரையே ஆபத்து.

சாப்பாட்டையும் கேட்பார்கள். இறாலில் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டு, பொரித்த பரோட்டாவுக்கு இலை போடச் சொல்பவர்கள் நம் ஊரில் குறைவில்லை. உணவில் வரும் கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புதான் கல்லீரலின் எல்டிஎல் வாசல்களைக் குறைத்துத் துகளைப் பெருக்குகிறது. இறாலில் அந்தக் கொழுப்பு மிகக் கொஞ்சம். பரோட்டா பொரிக்கும் பாமாயிலிலோ ஏறத்தாழ பாதி. நம் ஊர் மக்ரூன் பலகாரத்தில் மஞ்சள் கரு கிடையாது, வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும்தான். அங்கே கவனிக்கவேண்டியது சர்க்கரையை. டிரைகிளிசரைடை ஏற்றுவது அது. சாளையும் நெத்திலியும் தாராளமாகச் சாப்பிடலாம், பொரிக்கும் எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதவரை.

நடைமுறைக்கு வந்தால், அட்டோர்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின் மலிவான மாத்திரை. 2023இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரலோடு அதையும் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மூடி கிழிந்த பிறகு செய்யும் உதவி அது, தேவையானதுதான். கிழிவதற்கு இருபது ஆண்டு முன்பே துகளை எண்ணியிருக்கலாம் என்பது என் ஆதங்கம். அப்போ-பி பரிசோதனை தனியார் கூடங்களில் கிடைக்கிறது; வெறும் வயிறு அவசியமில்லை. அது முடியாவிட்டால் மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்துப் பார்க்கும் எளிய கணக்கே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

எண்ணவேண்டிய இன்னொரு துகளும் உண்டு: எல்பி(ஏ). எல்டிஎல்லோடு கூடுதலாக ஒரு புரதம் ஒட்டியது. ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பைச் சுமந்து திரிவதால் அழற்சியைக் கிளப்புவதில் மூத்தது. 1963இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டுபிடித்தார். சாப்பாட்டால் அசையாது, பரம்பரையாக வரும், அளவு வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய அப்படியே இருக்கும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் தெற்காசியர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று இன்டர்ஹார்ட் தரவே காட்டுகிறது. ஆயுளில் ஒருமுறை அளந்தால் போதும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்த வீடு என்றால், அந்த வீட்டில் இருபதைத் தாண்டிய எல்லோரும், பெண்பிள்ளைகளும் சேர்த்து, அந்த ஒருமுறையை இந்த ஆண்டே முடித்துக்கொள்ளலாம்.